டர்ன் டவுனுக்கு ஒரு வாக்கியம்

எங்கள் ஊரில் இங்கிலீஷ் வாக்கியம் என்றால் அதில் ராமன் இருந்தாக வேண்டும். ராமன் மாம்பழம் தின்பான், ராமன் பள்ளிக்கூடம் போவான். பத்தாம் வகுப்போடு நான் கைகழுவிய அந்த ராமனை, கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, 2009இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் மறுபடி சந்தித்தேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு.

வகுப்பு என் வீட்டுக்காரர் அருள்முருகனுக்குத்தான். எலக்ட்ரீஷியன். சிங்கப்பூர் கம்பெனி ஒன்று அவரை எடுத்திருந்தது. விசா வருவதற்குள் கொஞ்சம் பேசப் பழகச் சொன்னார் ஏஜெண்ட். வீட்டில் பேசிப் பார்க்க ஆள் வேண்டுமே என்று என்னையும் சேர்த்துவிட்டார் இவர். ஞாயிறுதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ். போனால் இரண்டு வருஷம் ஊர்ப்பக்கம் வர முடியாது. மாமியார் தில்லையம்மாள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் சிரித்த முகமாகப் பெட்டி வாங்கி வைத்தேன். அதில் ஒரு துணியைக்கூட மடித்து வைக்க மனசு வரவில்லை.

அன்று பாடம் ‘டர்ன் டவுன்’. டிவி சத்தத்தைக் குறைத்தால் டர்ன் டவுன் என்றாள் டீச்சர் சிந்துஜா. தூக்கி நிற்கும் காலரை மடித்துவிட்டால் அதுவும் டர்ன் டவுன். வந்த சம்பந்தத்தையோ வேலையையோ வேண்டாம் என்றால் அதுவும் அதுதான். ஒரே சொல்லிடம் இத்தனை வேலை வாங்குகிறார்களே, கஞ்சப் பயல்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆளுக்கொரு வாக்கியம். ராமனுக்கு இன்னிக்கு லீவு. அவுங்கவுங்க வூட்ல நடந்ததைத்தான் சொல்லணும்.”

ராமன் போனதும் வகுப்பே திண்டாடிப்போனது. ஒருவர் டிவியைக் குறைத்தார். அடுத்தவரும் அதே டிவியைக் குறைத்தார். பிறகு ஆண்கள் வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

“ஐ டர்ன்டு டவுன் தி சிங்கப்பூர் ஜாப்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “லாஸ்ட் மன்த்” என்றார்.

“வெரி குட்” என்றாள் டீச்சர். எனக்கு எந்த அர்த்தம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“என்னாங்க இது? ஒரு மாசமா எங்கிட்ட மூச்சு விடல. இருபது பேர் முன்னாடி சொல்றீங்க?”

“தமிழ்ல சொல்ல வாய் வரல, இளமதி. நாலு தடவை ஆரம்பிச்சேன். நீதான் பொட்டியெல்லாம் வாங்கி ஆசையா வச்சிருந்தியே.”

“நானா? நீங்க ஆசப்படுறீங்களேன்னு வாங்குனேன்! வேலையே வேணாம்னுட்டு அப்புறம் எதுக்கு வாராவாரம் கிளாஸு?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வூட்ல நாம ரெண்டு பேரும் இப்படி ஒக்காந்து பேச எடமேது?”

எனக்குக் கோபம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது. சந்தோஷம் அதைவிட ஜாஸ்தி, அதை அவரிடம் காட்டிக்கொள்ள எனக்கு மனசில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “விசா எப்பவாம்?” என்றார் மாமியார். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். அவருடைய இங்கிலீஷ் இங்கே செல்லாது. நான்தான் வாயைத் திறந்தேன்.

“வராது அத்தை. அவரு வேணாம்னு சொல்லிட்டாரு. அவரை அனுப்ப எனக்கும் இஷ்டமில்ல.”

நாலு வருஷமாக அந்த வீட்டில் என்ன கேட்டாலும் ‘உங்க இஷ்டம் அத்தை’ என்றே சொல்லிவந்தவள் நான். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.