தீப்பிடிக்காத ஸ்லீவ்

1998 ஐப்பசி மழையில் காமயகவுண்டன்பட்டி சாலையோரம் புதைத்திருந்த டெலிபோன் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து, நாற்பது வீட்டு போன்கள் ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டன. கேபிள் ஜாயின்டரான நான் இடுப்பளவு குழியில் இறங்கினேன். இலாகாவின் மூளைகள் எல்லாம் தேனி ஆபீசில், ஃபேனுக்குக் கீழே நனையாமல் பத்திரமாக இருந்தன.

நனைந்த ஜாயின்டைத் துடைத்து, கம்பிகளைத் திரும்ப இணைத்து, மேலே ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறையை மாட்டவேண்டும். தீயைக் காட்டினால் அது சுருங்கி, கேபிளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சொட்டுத் தண்ணீர் நுழையாது.

எதிர்வீட்டு மெகருன்னிசா அம்மா குழியை எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா பொன்னுராஜ், நாளைக்குப் பேத்திக்கு ஏழாம் நாளு. பதினோரு மணிக்கு மருமகன் ரியாத்துல இருந்து பேசுறேன்னாக. பேர அவுக வாயாலதான் பிள்ள காதுல சொல்லணுமாம். என்ன பேருன்னு எம்மக ரெஹானாட்டக்கூடச் சொல்லல."

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்மா" என்றேன், அறிவாளி மாதிரி.

தீயைக் காட்டினேன். ஸ்லீவ் சுருங்கவில்லை. மேலே வெள்ளையாக என்னமோ அப்பளம் போல உப்பியது. தேனிக்கு ஓடினேன். விஷயம் இதுதான்: எங்கேயோ ஓர் எக்ஸ்சேஞ்சில் தீப்பிடித்ததாம். கேபிள் சாமான் அனைத்துக்கும் தீத்தடுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எங்கள் அதிகாரி குருசாமி கடமை வீரர். ஸ்டோரில் இருந்த அத்தனை ஸ்லீவுக்கும் இரண்டு கோட்டிங் அடிக்க வைத்துவிட்டார். தண்ணீருக்குள் கிடக்கும் கேபிள் தப்பித்தவறி எரிந்துவிடக் கூடாதே!

"சார், ஸ்லீவு தீயிலதான் சுருங்கும். இதுல தீயே ஏறல."

"அப்ப பெயிண்ட் நல்லா வேலை செய்யுது. அதையே ரிப்போர்ட்டா எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். வேறு ஸ்லீவ் மதுரையிலிருந்து வரப் பத்து நாளாகுமாம். பத்து நாளும் அந்தப் பிள்ளை பெயரில்லாமல் கிடக்க வேண்டுமா? எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பெயிண்ட் எதுவும் ஸ்டோரில் இல்லை.

மறுநாள் காலை அம்மாவாசி சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கினேன். நாடாவாகக் கிழித்து, கிரீஸ் தடவி, ஜாயின்டை இறுக்கிச் சுற்றினேன். விதிப்படி இது குற்றம். ரெஹானா வீட்டு ஜோடிக் கம்பியை மட்டும் வெளியே விட்டு, அதில் டெஸ்ட் போனை மாட்டினேன். டியூபை நம்பாமல், ஜாயின்டை ஒரு கையால் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. அடுத்தவர் பேச்சைக் கேட்பதும் குற்றம்தான். கேட்டேன்.

"புள்ள காதுல வச்சிட்டேங்க" என்றாள் ரெஹானா.

"அத்தா பேசுறேன்டா" என்றார் ரியாத்திலிருந்து தகப்பன் சலீம்.

அப்புறம் ஒன்றுமே இல்லை. லைன் செத்துவிட்டதென்று பதறிப்போய் ஜாயின்டைத் தலைக்கு மேலே தூக்கினேன். லைன் சாகவில்லை. அந்த மனிதர் அங்கே சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கை கடுத்தது, இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, "சாஜிதா" என்றார்.