மே காலையில் கேட்ட தணல்

ஃபெலிமின் வீட்டு அடுப்பு அவன் தாத்தா காலத்திலிருந்து அணைந்ததே இல்லை. ராத்திரி தணலைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் கிளறி, சேற்றுநிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியை அடுக்கினால் பற்றிக்கொள்ளும். கல்யாணமாகி வந்த நாள்முதல் அது நப்லாவின் பொறுப்பு.

மே முதல் நாள் விடிந்ததும் ஃபெலிம் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். “யார் வந்து கேட்டாலும் இன்னிக்கு நெருப்பு குடுத்துடாத. வெண்ணெயும் கூடவே போயிடும், வீட்டு அதிர்ஷ்டமும் போயிடும்.”

“இத வருஷா வருஷம் சொல்லணுமா? மாட்டப் பாருங்க.”

தொட்டிலில் பிள்ளை தூங்கியது. மழை பிடித்துக்கொண்டது. கீழ்ப்பாதி மட்டும் சாத்தியிருந்த பாதிக்கதவுக்கு வெளியே ஒருத்தி சட்டியோடு வந்து நின்றாள். ஓரம் தீய்ந்த பழுப்புச் சால்வை முகத்தை மறைத்திருந்தது. மேட்டு வீட்டு ஊனா என்றுதான் நப்லா நினைத்தாள். ஊனாவின் புருஷன் ஸ்காட்லாந்துக்கு வேலைக்குப் போயிருந்தான். போன வாரம்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

“ஒரு தணல் குடு.”

நப்லாவுக்கு மனசு இளகத்தான் செய்தது. தொட்டிலைப் பார்த்ததும் கல்லாக்கிக்கொண்டாள். “இன்னிக்கு என்ன நாள்னு தெரிஞ்சே கேக்குறியே ஊனா. நாளைக்கு வா, சட்டி நெறைய அள்ளித் தரேன்.”

“நாளைக்கு வேண்டியிருக்காது.”

நப்லா எட்டிப் பார்த்தபோது பாதையில் ஆளில்லை. அன்று முழுக்க அந்தக் குரல் காதிலேயே நின்றது. வழக்கம் வழக்கம் என்று ஊரே சொல்கிறது. குளிருக்கு அது புரியுமா?

மறுநாள் விடிந்ததும் தணலோடு மேட்டுக்கு ஓடினாள். கூரையில் புகை இல்லை. அடுப்பில் ஈரச் சாம்பல். ஊனா காய்ச்சலில் கிடந்தாள். அவள் மார்போடு அணைத்திருந்த பிள்ளை விறைத்துப்போயிருந்தது.

நப்லா உடைந்து அழுதாள். “வாசல் வரைக்கும் வந்தவள வெறுங்கையோட அனுப்பிட்டேன்டி.”

“நான் எங்க வந்தேன்? என்னால எழுந்திரிக்கவே முடியல. மழை கொட்டி அடுப்பு அணைஞ்சுபோச்சு. அம்மா அம்மான்னு கூப்பிட்டுட்டே கெடந்தேன்.”

“ஓரம் தீஞ்ச பழுப்புச் சால்வை போத்திட்டு வந்தியே...”

ஊனா அவளையே வெறித்துப் பார்த்தாள். “அது அம்மாவோடது. நீ இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே, அதப் போத்தித்தான் அவங்களப் பொதச்சோம்.”

அந்த வருஷம் ஃபெலிம் வீட்டில் வெண்ணெய்க்குக் குறைவில்லை. நப்லாவுக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை. இப்போதும் ஒவ்வொரு மே முதல் நாளும், ஃபெலிம் எவ்வளவு கத்தினாலும், சட்டி நிறையத் தணலை அள்ளிக்கொண்டு பாதிக்கதவருகே நிற்கிறாள். தணல் ஆறும்வரை யாரும் வருவதில்லை.