மூன்று மணிக் கூட்டம்

கூட்டத்தை மூன்று மணிக்கு மாற்றச் சொன்னதே மலர்கொடிதான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

தலைமை ஆசிரியர் ராஜவேல் முதலில் சனிக்கிழமை காலை பத்து மணி என்றுதான் அறிவித்திருந்தார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் நிற்கலாம், வந்திருக்கும் பெற்றோர் கை தூக்கினால் வேலை முடிந்தது. ஆனால் பத்து மணிக்கு உப்பளத்துப் பெண்கள் பாத்தியில் நின்றுகொண்டிருப்பார்கள். விடியுமுன் இறங்கினால் வெயில் உறைக்கும்வரை உப்பு வாரி, கூடையில் சுமந்து, வரப்போரம் குவிக்க வேண்டும்.

"மூணு மணின்னா எங்காளுங்க எல்லாரும் வந்துடுவாங்க சார்" என்று மலர்கொடி கெஞ்சினாள். ராஜவேல் யாருக்கும் பொல்லாதவர் இல்லை, யாருக்கும் நல்லவரும் இல்லை. சரி என்று மாற்றிப் போட்டார்.

மலர்கொடி பெயருக்கோ பவிசுக்கோ ஆசைப்பட்டுத் தேர்தலில் நிற்கவில்லை. ஒரு பூட்டுக்காக நின்றாள். பள்ளிக்குப் பின்னால் பெண்பிள்ளைகளுக்கென்று கழிப்பறை கட்டி இரண்டு வருஷமாகிறது. பென்சிலும் புத்தகமும் பல்லைக் காட்டிச் சிரிக்கிற படமெல்லாம் சுவரில் உண்டு. கட்டிய காண்ட்ராக்டர் பிரபாகரன் தண்ணீர்க் குழாயை மட்டும் போடாமல் விட்டுவிட்டார். தண்ணீர் இல்லாமல் திறந்தால் நாறும் என்று பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் பின்பக்கத்து வேலிக்காத்தான் புதருக்குத்தான் போயாக வேண்டும். அங்கே குடித்துக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து துரத்தியதில்தான் மூத்தவள் ஷாலினி ஏழாவதோடு நின்றாள். இப்போது அம்மாவுக்குப் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறாள்.

இளையவள் கலைமதிக்கும் இது ஏழாவது. போன மாதம் பெரியவளானாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரம் காயுமுன் அவள் அப்பன் கலையரசன் சொல்லிவிட்டான்.

"நீ கமிட்டில ஜெயிச்சு அந்தப் பூட்டத் தொறந்தா ஸ்கூலுக்கு அனுப்பு. இல்லன்னா அக்கா கூட பாத்திக்கு வரட்டும். இன்னொரு பொண்ண நான் அந்தப் பொதருக்கு அனுப்ப மாட்டேன்."

அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக நகரும். அவன் பயந்தவன், அவ்வளவுதான்.

எதிரே நின்றவள் ரேகா, அந்தப் பிரபாகரனின் மனைவி. கழிப்பறைக் கதையை யாரும் கிளறிவிடக் கூடாதென்று கணவன் நிறுத்திய ஆள். இதற்காகவே இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் போய்க்கொண்டிருந்த சின்ன மகனை ஜூன் மாதம் இங்கே ஒன்றாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ரேகாவும் பாவம்தான். பட்டுப்புடவையில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு வேப்பமரத்தடி நிறைந்துவிட்டது. குளித்து, தலை சீவி, உப்பளத்துப் பெண்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். மலர்கொடியோடு ஜோடி சேர்ந்து கூடை தூக்கும் பாஞ்சாலை அவள் தொடையில் தட்டினாள். "உனுக்குத்தான் மலரு. மாலை ஒண்ணு வாங்கினு வந்திருக்கலாம்."

ராஜவேல் விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தார். படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் மேற்கே வானம் கறுத்துவிட்டது.

ஆவணியில் மழை வந்தால் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். இது அந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நேரம் கேட்கப் போன அன்று மலர்கொடி கூலியை நினைத்தாள், வெயிலை நினைத்தாள், வானத்தை மறந்தாள். இப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள்.

உப்பள மேஸ்திரி அப்பாவு கேட்டருகில் வண்டியை நிறுத்தாமலே கத்தினார். "ஏம்மா, வானத்தப் பாருங்கம்மா! குவியலு எல்லாம் தொறந்து கெடக்குது!"

உப்பளத்தில் அந்தக் கூப்பாட்டுக்கு மறுபேச்சு கிடையாது. கல்யாணப் பந்தியில் கேட்டாலும் இலையை விட்டு எழுந்து ஓட வேண்டியதுதான். ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடாவிட்டால் பாடுபட்டு வாரியதெல்லாம் சேற்றோடு சேறாகப் போய்விடும், அதற்கான கூலியும் போய்விடும். பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

"சார், இப்பவே கை தூக்கச் சொல்லுங்க சார்! ரூல்ஸ அப்புறமா படிங்க!"

"இரும்மா, மொறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?" என்று ராஜவேல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மலர்கொடி கேட்டுக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து மறித்தாள். "யக்கா, ரெண்டே நிமிசம்க்கா. கால்ல வேணா விழுறேன். எம்பொண்ணுக்காக இருங்கக்கா!"

பாஞ்சாலை அழுதேவிட்டாள். "என் குவியலு அங்க இருக்குதுடி. உன்னுதும் அங்கதான் இருக்குது." சொல்லிவிட்டு அவள் கைக்குக் கீழே குனிந்து ஓடினாள். அவள் பின்னாலேயே அத்தனை பேரும் ஓடினார்கள். மலர்கொடிக்கு அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. அவளுடைய கால்களும் ஓடத்தான் துடித்தன.

பிறகு கை தூக்கினார்கள். கடைக்காரர்கள், நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ரேகாவுக்குத் தூக்கினார்கள். மலர்கொடிக்கு அவள் கையும், முட்டிவலியால் ஓட முடியாமல் உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பாவின் கையும். ஆவேசத்தில் மலர்கொடி இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "ஒரு கைதாம்மா" என்றார் ராஜவேல். சிலர் சிரித்தார்கள்.

மாவு விற்கப் போனால் காற்று, உப்பு விற்கப் போனால் மழை என்பார்கள். மலர்கொடிக்கு அந்த மழையும் பெய்யவில்லை. மேகம் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்கள் நனையாத தலையோடு திரும்பி வந்து, கேட்டருகே அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

வீட்டில் கலையரசனுக்குச் சேதி முன்பே வந்திருந்தது. பரண்மேல் கிடந்த சின்னக் கூடையை எடுத்துத் தூசி தட்டி வாசலில் வைத்தான். ஷாலினி முதல் வருஷம் சுமந்த கூடை அது. கலைமதி அதைப் பார்த்தாள். பிறகு யூனிஃபார்மை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அழுதிருந்தால் மலர்கொடி தாங்கியிருப்பாள். மகள் அவ்வளவு பதவிசாக மடித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மலர்கொடி பாத்திக்குப் போகவில்லை. மகளுக்கு யூனிஃபார்மைப் போட்டுவிட்டு, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகத் தெருக்கோடிப் பைப்பிலிருந்து பள்ளிக்கூடம்வரை நடந்தாள். கழிப்பறைப் பூட்டுக்கு முன்னால் குடங்களை இறக்கினாள். ரேகா தலைவியாகக் கையெழுத்துப் போட வந்திருந்தாள்.

"சாவி குடுங்க சார்."

"தண்ணி கனெக்ஷன் இல்லம்மா. தெரியாதா உனக்கு?"

"நான் ஊத்தறேன். தெனைக்கும் வந்து ஊத்தி, கழுவி விட்டுட்டுப் போறேன்."

"உப்பளத்து வேலை?"

"விட்டுட்டேன்."

"எத்தினி நாளைக்கும்மா இது நடக்கும்?"

"எம்பொண்ணு இங்க எட்டாவது முடிக்கிற வரைக்கும்."

ராஜவேல் ரேகாவைப் பார்த்தார். ரேகா தன் பட்டுப்புடவையைப் பார்த்தாள், குடங்களைப் பார்த்தாள், பிறகு தலையை மட்டும் அசைத்தாள். பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டு மூன்று முறை திருகியபின்தான் திறந்தது.

மலர்கொடி தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பினாள். கேட்டைத் தாண்டினால் தூரத்தில் உப்பளம் தெரியும். அங்கே, அம்மா விட்ட பங்கையும் சேர்த்து, ஷாலினி பெரிய கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.