இடது ஓரத்தில் கொஞ்சம் கலங்கல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பது என் தோழியின் தொழில். ஒருநாள் கூப்பிட்டு, "பழைய வைட் ஆங்கிள் ஜூமைக் குடுத்துட்டு புதுசு வாங்கலாமான்னு யோசிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். லென்ஸ் வாங்குவதில் என்ன பெரிய கதை இருந்துவிடப் போகிறது என்று காதை மட்டும் அவளிடம் கொடுத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டு" என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஆகவே அவள் ஒல்லி.

2

முதல் தொடக்கம்: காலை வெயில் ஜன்னல் வழியே அந்தக் காலி அறையில் மெதுவாக—

வேண்டாம். வெயில் இல்லாமல் கதை தொடங்கத் தெரியாதா எனக்கு?

இரண்டாவது: லென்ஸ் என்பதும் ஒருவகையில் கண்தான்—

இதைப் படித்ததும் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நியாயம்.

மூன்றாவது: படுக்கையறையின் மூலையில், முதுகு சுவரில் ஒட்ட, அவள் நின்றாள். இது இருக்கட்டும். அவள் பிழைப்பே மூலையில் நிற்பதுதான். சின்ன அறையை முழுசாக ஒரே படத்தில் அடக்க வேண்டும். படத்தின் இடது பக்கத்தில் கதவு வரும்படி பார்த்துக்கொள்வாள். படம் பார்க்கிறவர் அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைகிற மாதிரி இருக்குமாம்.

படத்தில் அந்தக் கதவுதான் கலங்கலாகத் தெரிந்தது. ஒரு வீட்டில் இல்லை, தொடர்ந்து ஐந்து வீடுகளில்.

3

லென்ஸுக்கு வயது பதினொன்று, இரண்டு தடவை கீழே விழுந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் புதுசு வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அவளால் முடியவில்லை. அவளுடைய அப்பாவுக்குப் பார்வை போகத் தொடங்கியது இடது ஓரத்திலிருந்துதான். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டே இருந்த மனிதர், கடைசிவரை நிலைப்படியைத்தான் திட்டினார். பார்வை போகத் தொடங்கியபோது அவருக்கு நாற்பத்தேழு. இவளுக்கு இப்போது நாற்பத்தாறு.

கெட்டது லென்ஸா, கண்ணா? இதுதான் கேள்வி. புது லென்ஸ் வாங்கிப் போட்ட பிறகும் கதவு கலங்கலாகவே தெரிந்தால்? அதனால் வாங்கவும் பயம், வாங்காமல் இருக்கவும் பயம். கண் டாக்டரிடம் போவதைப் பற்றி அவளிடம் பேசவே முடியாது.*

(* படத்தின் அந்த ஓரத்துக்கு நேராகத் தலையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். திருப்பிப் பார்த்தாளாம். ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. பயம் பிடித்தவள் தன் கண்ணைத் தன் கண்ணாலேயே எப்படிச் சோதிப்பாள்?)

4

கடைசியில் ஒரு காரியம் செய்தாள். செய்தித்தாள் பக்கங்களைச் சுவர் முழுக்க ஒட்டி, நேர் எதிரே கேமராவை நிறுத்திப் படம் எடுத்தாள். கணினியில் பெரிதாக்கினாள். அவள் பார்வைக்கு இடது ஓர எழுத்துகள் கலங்கியிருந்தன. கணவரைக் கூப்பிட்டாள்.

"இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் பாருங்க. வித்தியாசம் தெரியுதா?"

அவர் குனிந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே. நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். அப்படியானால் கண்தான். மூன்று வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இந்தக் கணவர் பாத்திரம் எனக்குத் திருப்தியாக இல்லை. சாதுவான மனிதர். இருபது வருடத்தில் அவள் செய்த எதையும் அவர் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. கருகியதையும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அப்படிப்பட்ட மனிதரின் வாய்ச்சொல்லைச் சாட்சியாக எடுத்துக்கொண்டதுதான் அவள் செய்த தவறு. அவரைத் தூக்கினால் கதையே போய்விடும்.

5

நாத்தனார் வந்தாள். குற்றம் கண்டுபிடிக்காமல் ஒரு வீட்டுக்குள் அவள் செருப்பைக்கூடக் கழற்றியதில்லை. அன்றைக்கும் திரைச்சீலையில் ஆரம்பித்து, சோபா, மின்விசிறித் தூசி என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு கணினி மேசைக்கு வந்தாள். திரையில் அந்தச் செய்தித்தாள் படம் திறந்திருந்தது.

"என்ன அண்ணி, பேப்பரையெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கீங்க? அதையும் ஒழுங்கா எடுக்கலையே."

"ஏன், என்ன?"

"இந்த இடது பக்கம் ஒரு வரியாவது படிக்க முடியுதா? ஒரே கலங்கல். அந்தப் பக்கம் பாருங்க, பளிச்சுனு இருக்கு. இதுக்குப் போய் ஜனங்க காசு குடுக்கறாங்களா?"

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்தை?"

"கலங்கலா இருக்குன்னு சொன்னியே, அதை."

நாத்தனார் இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் கூடுதலாகவே. என் தோழி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் பேச்சு இவ்வளவு உறைத்துவிட்டதே என்று நாத்தனார் பதறிப்போனாள்.

"சும்மா சொன்னேன் அண்ணி. அவ்வளவு மோசமில்ல."

"மோசம்தான். நீ சொன்னதுதான் சரி. மாத்திச் சொல்லாதே."

சத்தம் கேட்டு வந்த கணவர் திரையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. உன் படத்தைக் குறை சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு..."

அவள் அவரை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை எழுதப் போவதில்லை. சிரித்துக்கொண்டே திட்டினாள் என்பது மட்டும் போதும்.

6

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. முதலில் நான் எழுதிய வடிவத்தில் நாத்தனாரும் "நல்லா இருக்கே" என்றுதான் சொன்னாள். அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பாராட்டு. அதைக் கேட்டு அவள் அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல—

கிழித்துப் போட்டேன். கண்ணை எடுத்தால்தான் இலக்கியம் என்றால் அந்த இலக்கியம் எனக்கு வேண்டாம்.

7

பிறகு? புது லென்ஸ் வாங்கினாளா?

வாங்கினாள் என்று ஒரு முடிவு எழுதினேன். பழையதையே பழுது பார்க்கக் கொடுத்தாள் என்று இன்னொன்று. இரண்டும் சரியாகத்தான் வந்திருக்கின்றன, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேற்று அவளோடு கடைக்குப் போயிருந்தேன். இரண்டு மணி நேரம் நின்றாள். எடை கூடுதல் என்றாள், ஓரம் சுத்தமாக இருக்கிறது என்றாள், இவ்வளவு விலையா என்றாள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு முடிவுக்கு வாங்க மேடம்" என்றார்.

"இருங்க, என்ன அவசரம்? லென்ஸ்தானே" என்றாள் அவள்.