மஸ்கட் தூரமா, மெட்ராஸ் தூரமா

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். அதில் யாருக்கும் மறுபேச்சு இருக்காது என்றுதான் இசக்கிச்செல்வி நம்பியிருந்தாள். அவள் மாமனார் பிச்சைமணிக்கு வேறு கணக்கு இருந்தது.

"ஒங்க அண்ணன் நம்பிராஜன் வந்த மாதிரிதான். மஸ்கட்ல இருந்து கடலத் தாண்டில்லா வரணும்!" என்று ஒரு வாரமாக ஒரே பாட்டு.

செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஸ்கட்டில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம். அங்கிருந்து காரில் மலையைக் கடந்தால் செங்கோட்டை. மாமனாரின் மகள் குடும்பமோ மெட்ராசிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உருண்டு வருகிறது. அது மட்டும் பக்கமாம்! இது எந்த ஊர் நியாயமோ.

குற்றாலத்தை ஒட்டிய சாஸ்தா கோயிலில், காதுகுத்து அன்றும் அந்த நியாயம்தான் நடந்தது. ரயில் தாமதம். மகள் வந்து, காபி குடித்து, பட்டுச்சேலை மாற்றும் வரை பிச்சைமணி பொறுமையாகக் காத்திருந்தார். நல்ல நேரம் பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்போதுதான் அண்ணனின் போன் வந்தது. மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் செல்வி வெளியே ஓடினாள்.

"குத்தாலம் வந்துட்டேன் செல்வி. சீசன் கூட்டத்துல வண்டி நகர மாட்டேங்கு. எறங்கி நடந்தே வாரேன், கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

அவள் திரும்புவதற்குள் உள்ளே அவள் குழந்தை அபர்ணா வீறிட்டாள்.

செல்வியின் பெரியப்பா மகன் சுடலைமுத்து மடியில் குழந்தை. அவனும் மாமன் முறைதான், பக்கத்துத் தெருக்காரன், பிச்சைமணி கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்திருந்தார்.

செல்வி பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"மெட்ராஸ்காரவுகளுக்கு அவ்வளவு நேரம் காத்துக் கெடந்தீகளே மாமா! எங்க அண்ணனுக்குக் கா மணி நேரம் கெடையாதோ?"

"நேரம் போவுதுட்டி! ஒத்தக் காதோட பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கப் போறியா?"

"நிப்பேன். அடுத்த காது அவன் மடியிலதான்."

நம்பிராஜன் சாரலில் தொப்பலாக நனைந்து, சீர்ப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்து சேர்ந்தான். பிள்ளை பிறந்ததிலிருந்து அவன் வருவது இதுதான் முதல் தடவை. தினமும் போன் திரையில் அவனுக்கு முத்தம் கொடுக்கிறவள் அபர்ணா. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

பக்கத்தில் ஆசாரியின் ஊசியைப் பார்த்ததுதான் தாமதம், குழந்தை அலறியது. தாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டு, அவன் கையைக் காலால் எத்தியது. அவன் எவ்வளவு கொஞ்சியும் முகத்தைத் திருப்பவே இல்லை.

"விடு செல்வி. அழ வைக்க வேண்டாம்." நம்பிராஜன் கையை மடக்கிக்கொண்டான்.

செல்வி மாமனாரைப் பார்த்தாள்.

"மஸ்கட்ல இருக்கும்போது எங்க அண்ணன் எம்பிள்ளைக்குப் பக்கத்துலதான் மாமா இருந்தான். இங்கன வந்த பெறவுதான் தூரமாயிட்டான்."

"பிள்ள மொதல்ல மாமன் மடிக்குப் பழகட்டும், பெறவு குத்தலாம்" என்று பிச்சைமணி மேளக்காரரை நிறுத்தச் சொன்னார்.