லோர்னா ஸ்டக்கி எதிர் வெர்லின் ஸ்டக்கி

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நெல்டா பிரிங்கர் மார்லோ கவுண்டி கோர்ட்டின் படியேறியபோது, அவள் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தது. சர்ச் கூடத்தில் தொண்ணூறு பேருக்கு நாற்காலி போட்டாயிற்று. கோழிக் குழம்புக்கு நூடுல்ஸ் வெட்டிக் காயப்போட்டாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்றுதான், கல்யாண லைசென்ஸ்.

செவ்வாய்க்கிழமை அவளும் வெர்லினும் மாடியிலுள்ள லைசென்ஸ் ஜன்னலில் போய் நின்றார்கள். அங்கிருந்த பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். விதவையான நெல்டாவுக்கு ஒன்றும் தேவையில்லை, விவாகரத்து ஆனவர் அந்தத் தீர்ப்பின் முத்திரை போட்ட நகலைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த ஜன்னல் இன்று நான்கு மணிக்கு மூடினால் திங்கட்கிழமைதான் திறக்கும்.

வெர்லின் வரமாட்டான். மூன்று வாரம் கொட்டிய மழை விட்டு, புதன்கிழமைதான் ஒஹாயோ மண் காய்ந்திருந்தது. மண் காய்ந்த அன்று மக்காச்சோளம் விதைக்காதவனை அந்த ஊரில் மனிதனாகவே மதிப்பதில்லை. அறுபத்தொன்பது வயது மாப்பிள்ளை டிராக்டரில் உட்கார்ந்தபடியே போனில் சொல்லிவிட்டான்.

“எண்பத்து நாலுன்னு சொல்லு. நான்தான் கேஸ் போட்டேன். தீர்ப்பு ஒரே பக்கம். அது மட்டும் போதும், வாங்கிட்டு வந்துடு. நீ வந்ததும் ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போடலாம்.”

நெல்டா இருபத்தொன்பது வருஷம் பதினாலாம் நம்பர் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். பனியில், வெள்ளத்தில், ஒருமுறை பின் சீட்டில் யாரோ ஒரு பாம்பைக் கொண்டுவந்து விட்ட அமளியில்கூட, ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. ஒரு காகிதம் வாங்குவது அவளுக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

தரைத்தளத்துப் பதிவறையில் இருந்தவள் ராக்ஸி. சின்ன வயதில் அதே பேருந்தில் ஏழாம் சீட்டில் உட்கார்ந்து வாயாடிய ராக்ஸிதான்.

“வாங்க மிஸ் நெல்டா. பஸ்ஸை எங்க நிறுத்தியிருக்கீங்க?”

“உன்னை இறக்கி விட்ட இடத்துலதான். விவாகரத்துத் தீர்ப்பு ஒண்ணு வேணும். வெர்லின் ஸ்டக்கி, எண்பத்து நாலு.”

“தொண்ணூத்தி அஞ்சுக்குப் பின்னாடின்னா கம்ப்யூட்டர்ல ஒரு நொடி. அதுக்கு முன்னாடின்னா என்கூட பாதாள லோகத்துக்கு வரணும். வழுக்கும், பாத்து இறங்குங்க.”

நிலவறையில் துணி அட்டை போட்ட பேரேடுகள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். ராக்ஸி எண்பத்து நாலை இழுத்து மேசையில் போட்டாள். ஸ்டக்கி என்ற பெயரே இல்லை. எண்பத்து மூன்றிலும் இல்லை, ஐந்திலும் இல்லை.

“வருஷத்தை நம்பாதீங்க,” என்றாள் ராக்ஸி. “மனசு முறிஞ்ச வருஷம் ஒண்ணு, கோர்ட் எழுதின வருஷம் ஒண்ணு. ஜனங்க இஷ்டத்துக்கு ஒண்ணைச் சொல்வாங்க. பொண்ணுங்கன்னா அப்போ குழந்தை எத்தனாவது படிச்சதுன்னு கேப்பேன். ஆம்பளைன்னா அப்போ என்ன வண்டி வச்சிருந்தீங்கன்னு கேப்பேன். வண்டி விஷயத்துல மட்டும் அவங்க பொய் சொல்லமாட்டாங்க.”

நெல்டா யோசிக்கவே இல்லை. கவுண்டி பொருட்காட்சி ஊர்வலத்தில் வருஷா வருஷம் வெர்லின் ஓட்டிப் போகும் பச்சை டிராக்டர் கண்முன் வந்தது. ‘கோர்ட்ல விடுதலை ஆன மறுவாரமே வாங்கினேன்’ என்று அவன் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வான். அதன் நெற்றியில் அவனே பெயின்டில் எழுதி வைத்திருந்தான், 1982 என்று.

“எண்பத்து ரெண்டை எடு.”

ராக்ஸியின் விரல் பக்கத்தில் இறங்கி நின்றது. “ஸ்டக்கி இருக்கு. ஆனா வெர்லின் இல்ல. வழக்குப் போட்டவங்க பேர்லதான் வரிசை போகும். லோர்னா ஸ்டக்கி எதிர் வெர்லின் ஸ்டக்கி.”

“அவன்தான் போட்டதாச் சொன்னான்.”

“இந்தக் கவுண்டில அத்தனை ஆம்பளையும் தானே போட்டதாத்தான் சொல்றாங்க,” என்றாள் ராக்ஸி. அவள் குரலில் கேலி இருந்தது, கெட்ட எண்ணம் இல்லை. “தீர்ப்பு மட்டும் போதுமா, இல்ல முழுக் கட்டையும் எடுக்கட்டுமா?”

“யார் வேணாலும் பாக்கலாமா?”

“யார் வேணாலும். ஊர்ப் பொதுக் காகிதம். பாதி ஊர் மத்த பாதியோட கட்டை இந்த மேசையிலதான் படிச்சிருக்கு.”

ஒரே பக்கம், அது மட்டும் போதும் என்று அவன் சொன்னது நெல்டாவின் காதில் ஒலித்தது. அப்போது சாதாரணமாகக் கேட்ட சொல் இப்போது உறுத்தியது.

“முழுசா எடு,” என்றாள்.

கட்டு மெலிதாகத்தான் இருந்தது. மேலே தீர்ப்பு, அவன் சொன்னபடி ஒரே பக்கம். அதன் கீழே லோர்னாவின் மனு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை வேறு. லோர்னா தீவனக் கம்பெனி ஆளோடு சுற்றினாள், வெர்லின் அவளை வீட்டைவிட்டுத் துரத்தினான் என்பது அது. அந்தக் கதையை நெல்டாவுக்குச் சொன்னவனும் வெர்லின்தான். மனுவில் தீவனக் கம்பெனி ஆள் யாரும் இல்லை. இப்படித்தான் இருந்தது:

‘போன ஜூன் ஒன்பதாம் தேதி மேய்ச்சல் நிலத்துக் கேட் திறந்து கிடந்ததால் எங்கள் கிடேரிகள் சாலைக்குப் போய்விட்டன. ஒன்று லாரியில் அடிபட்டுச் செத்தது. நான் கேட்டை மூடிச் சங்கிலி மாட்டிவிட்டுத்தான் வந்தேன். மாட்டும்போது கட்டைவிரல் நசுங்கியதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலத்திலிருந்து என் கணவர் என்னிடம் பேசவில்லை. இன்றோடு பதினோரு மாதம் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நாயைக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கும்படி நாயிடம் சொல்வார். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். இதற்குமேல் என்னால் முடியாது.’

கடைசியாக ஒரு துண்டுக் காகிதம். விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் குறிப்பேட்டிலிருந்து கிழித்தது. வக்கீல் வைத்துக்கொள்ளாத வெர்லின், பதில் மனு என்று கோர்ட்டுக்குக் கொடுத்தது அதுதான். ‘அவள் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. வெர்லின் ஸ்டக்கி.’

நெல்டாவுக்கு முதலில் கோபம் வந்தது. அதன் பின்னால் பயம் வந்தது. பயம் அவளுக்குப் பழக்கமில்லாத சங்கதி, அதனால் அதை அடையாளம் கண்டுகொள்ளவே சற்று நேரம் பிடித்தது. போன மாதம் வெர்லினின் ஓட்டை நாற்காலியை அவள் சர்ச் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கு அவன் இரண்டரை நாள் வாய் திறக்கவில்லை. பல்வலி என்று நினைத்து அவனுக்குக் கிராம்பு எண்ணெய் வாங்கிக் கொடுத்தாளே, அந்த மடத்தனத்தை நினைத்துக் கன்னம் சுட்டது.

முத்திரை குத்துகிறவர் மதியச் சாப்பாட்டிலிருந்து வரும்வரை காத்திருந்து, ஒன்றரை மணிக்குத் தீர்ப்புக்கு முத்திரை வாங்கினாள். துண்டுக் காகிதத்துக்கும் ஒரு சாதா நகல் கேட்டாள்.

“கல்யாணம் உண்டா மிஸ் நெல்டா?” என்று ராக்ஸி மெதுவாகக் கேட்டாள்.

“நாலு மணிக்குத் தெரியும்.”

முப்பது நிமிஷம் கார் ஓட்டி வயலோரம் வந்து நின்றபோது வெர்லின் அவளைப் பார்த்து டிராக்டரை நிறுத்தினான். கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தான். நல்ல உயரம், காதுவரை புழுதி.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது. எண்பத்து ரெண்டுல. லோர்னா பேர்ல.”

வெர்லின் அவளைப் பார்த்தான். மேற்கே மேகத்தைப் பார்த்தான். திரும்பிப் போய் டிராக்டரில் ஏறி, விதைப்பு இயந்திரத்தை இறக்கி, போய்விட்டான்.

அரை மைல் நீள வயல். போய்த் திரும்பக் கால்மணி நேரம் ஆகும். நெல்டா காரில் சாய்ந்துகொண்டு, கொண்டுவந்திருந்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சைத் தின்றாள். யோசிக்க ஒரு சுற்று கொடுப்பது நியாயம்தான் என்று எண்ணிக்கொண்டாள். அவன் திரும்பி வந்தான். வயலோரத்தில் இயந்திரத்தைத் தூக்கினான், வளைத்தான், இறக்கினான். அவள் பக்கம் தலையைத் திருப்பாமல் மறுபடியும் போனான்.

சரி என்று நெல்டா காரைக் கிளப்பினாள். வீட்டுக்குப் போகவில்லை. அவன் திரும்பி வந்து வளைய வேண்டிய இடத்தில் காரைக் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இந்த முறை வெர்லின் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

“காரை எடு நெல்டா. மழை வருது.”

“பேசிட்டியே, சந்தோஷம். இன்னும் பேசு.”

அவன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், சொல்ல வேண்டியது அங்கே எழுதியிருப்பதுபோல.

“லோர்னா பதினோரு மாசம் காத்திருந்தா,” என்றாள் நெல்டா. “நான் ஒரு சுத்துக்கு மேல காத்திருக்கமாட்டேன். அந்தச் சுத்து முடிஞ்சுபோச்சு.”

“முழுசும் படிச்சியா?”

“நாய்கிட்ட பேசினது வரைக்கும் படிச்சேன்.”

“அது நல்ல நாய்.”

“நாய் மேல எனக்கு வருத்தமில்ல.” நகலை அவன் கையில் கொடுத்தாள். “ஏன் பேசல அவகிட்ட?”

தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவன் முகம் தளர்ந்தது. “இதைக்கூடவா வச்சிருக்காங்க,” என்றான். பிறகு, “ஞாபகம் இல்ல நெல்டா. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“என்கிட்ட தீவனக் கம்பெனிக்காரன் கதை சொன்னியே, அது மட்டும் ஞாபகம் இருந்துச்சா?”

வெர்லின் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“நாளைக்கு நான் சர்ச்ல உன் பக்கத்துல நிக்கறதா, இல்ல வந்தவங்களுக்கு நூடுல்ஸ் பரிமாறிட்டு வீட்டுக்குப் போறதா? இப்பவே தெரியணும்.”

“எனக்கு நீ வேணும்,” என்றான் வெர்லின். அவன் அதை முதன்முறையாகச் சொன்னான். அவள் நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்தது, ஆனால் அதை முகத்தில் காட்டவில்லை.

“மணி மூணாகுது. ஏறு. கோர்ட் வரைக்கும் நீ பேசிக்கிட்டே வரணும். என் பஸ்ல பிள்ளைங்க கத்தினா வண்டியை நிறுத்துவேன். நீ வாயை மூடினா வண்டியைத் திருப்புவேன். அவ்வளவுதான் சட்டம்.”

பாதி விதைத்த வயலை மழைக்கு விட்டுவிட்டு வெர்லின் காரில் ஏறினான். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்திருந்தால் கோர்ட்டில் போட்ட எந்தக் கையெழுத்தையும்விட அதைத்தான் பெரிதாக எண்ணியிருப்பார்கள்.

அவன் பேசினான். பேசத் தெரியாதவன் பேசுவதுபோல் கையில் கிடைத்ததையெல்லாம் பேசினான். விதை எத்தனை அங்குல ஆழம், பக்கத்து வயல்காரனின் சோம்பேறித்தனம், தீவனக் கம்பெனி ஆள் கதை பொய், அப்படி ஒருவன் இல்லவே இல்லை, சர்ச் ஏலத்தில் போன நாற்காலி தன் அப்பாவுடையது. “அதை அன்னிக்கே சொல்லியிருந்தா திருப்பி வாங்கியிருப்பேனே,” என்றாள் நெல்டா. “சொல்லியிருக்கணும்,” என்றான். மரக்கடையைத் தாண்டினார்கள். பழைய மேய்ச்சல் நிலம் வலப்பக்கம் வந்தது. அங்கே அவன் பேச்சு நின்றது.

நெல்டா காத்திருந்தாள். ஒரு மைல் போயிற்று. பாலத்துக்கு முன்னால், திரும்பிப் போக வசதியாக இடப்பக்கம் ஒரு மண்பாதை உண்டு. அவள் வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டரைப் போட்டாள். அது டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

“கேட்டைத் திறந்து போட்டது நான்தான்,” என்றான் வெர்லின்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவ மூடிட்டுத்தான் போனா. அதுக்கப்புறம் நான் உள்ள போனேன், வெளிய வந்தேன், சங்கிலியை மறந்துட்டேன். கிடேரி செத்ததும் அவளைத் திட்டிட்டேன். சாயங்காலம் சாப்பிட உக்காந்தா, எதிர்ல அவ கட்டைவிரல்ல துணி சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா. வாயைத் திறந்தா உண்மைதான் வரும்னு தெரிஞ்சுது. அதான் திறக்கல. மறுநாளும் திறக்கல. அப்புறம் எப்படித் திறக்கறதுன்னே தெரியல.”

“அவகிட்ட சொல்லவே இல்லையா?”

“எழுதிக் கொடுத்தேன்,” என்றான். “நீ கொண்டுவந்தியே, அதுல.”

அவள் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. நீதிபதி அதைப் படித்தார். லோர்னா படித்திருப்பாள். நெல்டாவும் இன்று காலை படித்தாள். அவள் கேட்டை மூடியதும் கட்டைவிரல் நசுங்கியதும் அதற்குள் அடக்கம் என்று மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பக்கத்தில் வெர்லின் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் மழைத்துளிகள் கண்ணாடியில் விழுந்தன. நெல்டா இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் பாலத்தின்மேல் ஏற்றினாள்.

“பேசு,” என்றாள். “இன்னும் பதினோரு மைல் இருக்கு.”