காயாத இடம்

அந்த மருத்துவமனையில் யார் வழுக்கி விழுந்தாலும் கடைநிலை ஊழியர்கள் முதலில் தரையைத் துடைப்பார்கள், அப்புறம்தான் ஆளைத் தூக்குவார்கள். கல்நெஞ்சு இல்லை, வயிற்றுப்பாடு. மேற்பார்வையாளர் வந்ததும் "யாருக்கு அடி?" என்று கேட்க மாட்டார், "யார் மாப் போட்டது?" என்றுதான் கேட்பார். போட்டவளுக்கு அன்றோடு வேலை போச்சு.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற நெட்டையன், எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறவன், லிஃப்ட் வாசலில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோதும் அதுதான் நடந்தது. மாப் போட்டவள் அக்கா. அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். அழுக்குத் துணி வண்டி தள்ளுகிறவள் அவளுடைய சொந்தத் தங்கை. கிடந்தவனைச் சுற்றி அக்கா பரபரவென்று ஈரத்தை ஒற்றியெடுத்தாள். மேற்பார்வையாளர் ஷூவால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"காய்ஞ்சுதானே இருக்கு? பனைமரம் மாதிரி வளர்ந்தா போதுமா, பார்த்து நடக்க வேணாம்?"

அக்கா தலையாட்டினாள். விழுந்தவன் அவளையே பார்த்தான்.

"அப்போ தரை காய்ஞ்சுதான் இருந்துச்சாக்கா?"

மெதுவாகத்தான் கேட்டான்.

மறுநாளிலிருந்து அந்த இடம் காயவே இல்லை. அக்கா துணி போட்டுத் துடைத்தாள், ஃபேனைத் திருப்பி வைத்தாள். முகத்தைத் திருப்புவதற்குள் ஈரம் ஊறிவிடும், நெட்டையான ஓர் ஆள் ஒருக்களித்துக் கிடக்கிற அளவுக்கு. வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை. 'ஈரத் தரை, கவனம்' என்று அவள் வைத்த மஞ்சள் பலகையை, "காய்ஞ்ச தரைக்கு எதுக்கு போர்டு?" என்று மேற்பார்வையாளர் எடுக்கச் சொல்லிவிட்டார்.

தங்கைக்குச் சிரிப்பு. "இத்தனை டாக்டர் இருக்காங்க, யார்கிட்டயாவது கண்ணைக் காட்டுக்கா."

"சிரிக்காதடி. அந்தப் பக்கம் போகாத, சுத்திப் போ."

"இந்த வண்டியைத் தள்ளிக்கிட்டா? நல்லா இருக்கு நியாயம்!"

அக்காவுக்கு இருப்பது இந்த ஒருத்திதான். உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று மேற்பார்வையாளர் அறை வாசல்வரை போனாள். வேலையை நினைத்ததும் கால் பின்வாங்கியது. திரும்பி நடந்தபோது லிஃப்ட் பக்கம் வண்டி கவிழ்கிற சத்தம் கேட்டது.

தங்கை அதே இடத்தில் கிடந்தாள். "முதுகெல்லாம் நனைஞ்சுபோச்சுக்கா, எழுந்திரிக்க முடியல."

அக்கா அலறிக்கொண்டு ஓடி மண்டியிட்டாள். ஆனால் கை தங்கையைத் தூக்கவில்லை. அது பாட்டுக்குத் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் மேற்பார்வையாளரும் வந்துவிட்டார். ஷூவால் தேய்த்துப் பார்த்தார்.

"காய்ஞ்சுதானே இருக்கு?"

அக்காவின் தலை ஆடியது.

தங்கை அவளையே பார்த்தாள்.

"அப்போ தரை காய்ஞ்சுதான் இருந்துச்சாக்கா?"

மெதுவாகத்தான் கேட்டாள்.